பத்து மைக்ரான் இழுவை

ரைஃபிளின் மேல் தொலைநோக்கியைப் பிடித்து வைத்திருக்கும் திருகுகள் மிகச் சிறியவை. அமெரிக்க வேட்டைத் துப்பாக்கிகள் பலவற்றில் அவற்றின் விட்டம் 3.5 மில்லிமீட்டர்தான், நீளம் ஒரு சென்டிமீட்டரைத் தொடுவதே அரிது. அங்குலத்துக்கு 48 மரை வெட்டிய இந்தத் திருகுக்கு ‘6-48’ என்று பெயர். உதைப்பு அதிகமுள்ள துப்பாக்கிகளில் 4.2 மி.மீ. விட்டமும் அங்குலத்துக்கு 40 மரையும் கொண்ட ‘8-40’ பயன்படுகிறது. துப்பாக்கியின் உடல்மேல் முதலில் ஓர் அடித்தட்டோ குறுக்கே பள்ளங்கள் வெட்டிய நீளமான ரெயிலோ திருகப்படும். அதை இரண்டு வளையங்கள் கவ்வி நிற்கும். வளையங்களின் அரைவட்ட மூடிகள் தொலைநோக்கியின் குழலை அழுத்திப் பிடிக்கும். ஆக மூன்று இணைப்புகள், மூன்றிலும் திருகு. மூன்றில் எது அசைந்தாலும் குறி தப்பும்.

எவ்வளவு அசைந்தால் எவ்வளவு தப்பும் என்பது எளிய வடிவியல். இரண்டு வளையங்களுக்கும் இடையே பொதுவாகப் பத்து சென்டிமீட்டர் அளவில் இடைவெளி இருக்கும். பின்வளையம் மட்டும் 0.1 மி.மீ. மேலே எழும்பினால் தொலைநோக்கியின் அச்சு ஆயிரத்தில் ஒரு பங்கு சாய்கிறது. நூறு மீட்டர் தொலைவில் அந்தச் சாய்வு பத்து சென்டிமீட்டர் ஆகிவிடும். பத்து சென்டிமீட்டர் விலகினால் இலக்கட்டையின் நடுவட்டத்தில் பட வேண்டிய குண்டு வெளிவட்டத்துக்குப் போய்விடும். 0.1 மி.மீ. என்பது ஒரு தலைமுடியின் பருமனைவிடச் சற்றே அதிகம். வீட்டுக் கதவின் கீலிலோ மிதிவண்டியின் மட்கார்டிலோ இந்த அளவு தளர்ச்சி யார் கண்ணிலும் படாது. துப்பாக்கியில் மட்டும் நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கும் காகிதம் அதை ஆயிரம் மடங்கு பெருக்கிக் காட்டிவிடுகிறது. திருகு எப்படி வேலை செய்கிறது என்று படிக்க விரும்புகிறவருக்கு இதைவிடக் கறாரான ஆய்வுக்கருவி கிடைப்பது கடினம்.

இந்தத் திருகுகள் தாங்க வேண்டிய சுமை அவற்றின் உருவத்துக்குச் சற்றும் பொருந்தாதது. .308 வின்செஸ்டர் தோட்டாவை எடுத்துக்கொள்ளலாம். வெடிமருந்து எரியும்போது குழலுக்குள் எழும் உச்ச அழுத்தம் சுமார் 400 மெகாபாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் நாலாயிரம் மடங்கு. குண்டின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 48 சதுர மில்லிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் 19,000 நியூட்டன் வருகிறது. குண்டை முன்னே தள்ளும் அதே விசை துப்பாக்கியைப் பின்னே தள்ளுகிறது. நான்கு கிலோ எடையுள்ள துப்பாக்கி அந்தக் கணத்தில் பெறும் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் கிட்டத்தட்ட 480 மடங்கு. இது ஒரு மில்லிநொடிகூட நீடிப்பதில்லை என்றாலும், துப்பாக்கி பின்னே பாயும்போது மேலே இருக்கும் 600 கிராம் தொலைநோக்கி நிலைமத்தால் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. அதையும் கூடவே இழுத்துச் செல்ல 2,900 நியூட்டன் வரை தேவை. ஏறக்குறைய 290 கிலோ எடைக்குச் சமமான விசை. உச்சத்தை வைத்துப் போட்ட கணக்கு இது. இணைப்பில் இருக்கும் சிறு நெகிழ்ச்சி அதை ஓரளவு தணிக்கும். ஆனாலும் எத்தனை கிலோவுக்குத் தயாராக இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும்.

இந்த விசையைத் திருகின் தண்டு குறுக்கே நின்று தடுப்பதாகப் பலரும் எண்ணுகிறார்கள். சரியாக இறுக்கிய இணைப்பில் தண்டுக்கு அந்த வேலையே வருவதில்லை. திருகு இரண்டு பரப்புகளை ஒன்றோடொன்று அழுத்துகிறது. அந்தப் பரப்புகளுக்கு இடையிலான உராய்வுதான் நழுவலைத் தடுக்கிறது. திருகின் கடமை அழுத்தத்தை விடாமல் வைத்திருப்பது ஒன்றே.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது? திருகின் தலை மூடியின் மேல் போய் உட்கார்ந்த பிறகும் அதைத் திருப்பினால் மரை தண்டைக் கீழே இழுக்கிறது. தலை மேலே தடுக்கிறது. இடையில் சிக்கிய தண்டு நீள்கிறது. நீண்ட எஃகு தன் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். 1678இல் ராபர்ட் ஹூக் வெளியிட்ட விதிப்படி, எவ்வளவு நீள்கிறதோ அந்த அளவுக்குத் திரும்ப இழுக்கும் விசையும் கூடும். இறுக்கிய திருகு என்பது இழுத்துக் கட்டிய சுருள்வில். அது இணைப்பின் மேல் செலுத்தும் பிடிவிசை முழுவதும் இந்த நீட்சியிலிருந்து பிறக்கிறது.

3.5 மி.மீ. திருகை 2 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் இறுக்கினால் அதில் ஏறும் இழுவிசை சுமார் 2,800 நியூட்டன். மரையின் அடிப்பகுதியில் திருகின் குறுக்குப் பரப்பு 7 சதுர மில்லிமீட்டர் அளவுதான் என்பதால், எஃகு தாங்கும் தகைவு 400 மெகாபாஸ்கல் ஆகிறது. அந்தத் தகைவில் எஃகு ஆயிரத்தில் இரண்டு பங்கு நீளும். தலைக்கும் முதல் மரைப் பிடிப்புக்கும் இடையே உள்ள தண்டின் நீளம் ஐந்து மி.மீ. என்றால் மொத்த நீட்சி 0.01 மி.மீ., அதாவது பத்து மைக்ரான். 290 கிலோ உதைப்பைத் தாங்கும் ஏற்பாடு முழுவதும் இந்தப் பத்து மைக்ரானை நம்பி நிற்கிறது. திருகு ஏன் தளர்கிறது, எப்படித் தளராமல் வைப்பது என்ற கேள்விகள் எல்லாம் கடைசியில் இந்த எண்ணிடம்தான் வந்து சேர்கின்றன.

வளையத்துக்கு நான்கு திருகு, இரண்டு வளையத்துக்கு எட்டு என்று கொண்டால் மொத்தப் பிடிவிசை 22,400 நியூட்டன். குழலை மேலிருந்து மூடியும் கீழிருந்து அடிப்பாகமும் அழுத்துவதால் உராயும் பரப்புகள் இரண்டு. உராய்வுக் கெழு 0.15 என்று வைத்தால், குழல் நழுவாமல் தடுக்கும் விசை 6,700 நியூட்டன் வருகிறது. தேவை 2,900, கையிருப்பு அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். பாதி முறுக்குவிசையில் இறுக்கினால் கையிருப்பு 3,350 ஆகக் குறைந்து, விளிம்பில் நிற்கும். குழலுக்கும் வளையத்துக்கும் இடையே ஒரு துளி எண்ணெய் புகுந்தால் போதும், நழுவிவிடும்.

அப்படியானால் நன்றாக இறுக்கிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால், இறுக்குகிறவரின் கைக்கு இழுவிசை தெரியாது. கை உணர்வது முறுக்குவிசையை மட்டும். முறுக்குவிசையில் பெரும்பகுதி உராய்வுக்கே போகிறது: கிட்டத்தட்ட பாதி தலைக்குக் கீழேயுள்ள உராய்வுக்கு, நாற்பது விழுக்காடு மரைகளுக்கு இடையிலான உராய்வுக்கு. திருகை நீட்டுவதற்குப் போவது பத்து விழுக்காடுதான். ஆகவே உராய்வு சிறிதே மாறினாலும் நீட்சி பெரிதாக மாறிவிடும். உலர்ந்த எஃகில் 2,800 நியூட்டன் இழுவிசை தரும் அதே 2 நியூட்டன் மீட்டர், எண்ணெய் தடவிய மரையில் 3,700க்கு மேல் தரக்கூடும். கடையில் வாங்கும் திருகுகளின் மேல் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். அதைத் துடைக்காமல் இறுக்குகிறவர் தான் எவ்வளவு இறுக்கினார் என்பதை அறியாமலே போகிறார்.

முறுக்குவிசையை அளந்து இறுக்க உதவும் முறுக்குமானியும் முழு உண்மையைச் சொல்வதில்லை. அமெரிக்க விண்வெளி நிறுவனம் நாசா 1990இல் வெளியிட்ட இணைப்பான்கள் வடிவமைப்புக் கையேட்டின்படி, முறுக்குமானி கொண்டு இறுக்கினாலும் இழுவிசை 25 விழுக்காடு வரை கூடவோ குறையவோ செய்யலாம். வெறும் கை உணர்வில் இறுக்கினால் இந்தப் பிழை 35 விழுக்காடு. வித்தியாசம் இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும். பழகிய கம்மியரின் கைக்கு வேண்டுமானால் அது பொருந்தும். மூன்றரை மி.மீ. திருகில் புதியவரின் கை வேறு கதை. ‘ட’ வடிவ ஆலன் சாவியின் நீண்ட கால் 65 மி.மீ. நீளம் என்றால், 2 நியூட்டன் மீட்டருக்கு அதன் நுனியில் மூன்று கிலோ அழுத்தம் போதும். பத்து கிலோ அழுத்தம் கொடுப்பது யாருக்கும் சிரமமில்லை. அதற்குள் திருகின் மேல் 6.5 நியூட்டன் மீட்டர் ஏறியிருக்கும், ஒன்று தலை முறியும் அல்லது மரை போய்விடும். பழைய கம்மியர்கள் சாவியின் நீண்ட காலைத் திருகில் செருகிக் குட்டைக் காலை விரலால் திருப்பியதற்குக் காரணம் இதுதான். நெம்புகோல் சுருங்கினால் விரலே எல்லை கட்டிவிடும்.

வளைய மூடித் திருகுகளுக்குத் தயாரிப்பாளர்கள் பரவலாகச் சொல்லும் அளவு 15 முதல் 18 அங்குல-பவுண்டு, அதாவது 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர். கிலோ-சென்டிமீட்டர் குறித்த கருவியில் இது 17 முதல் 21. அடித்தட்டின் 6-48 திருகுக்கு ஏறக்குறைய இதே அளவு. 8-40க்கு 25 அங்குல-பவுண்டுக்கு மேல். வளையத்தை ரெயிலோடு கவ்வ வைக்கும் பெரிய குறுக்கு நட்டுகளுக்கு 65 அங்குல-பவுண்டு, சுமார் 7.3 நியூட்டன் மீட்டர். இவை பொது அளவுகள். குறிப்பிட்ட வளையத்தோடு வரும் தாளில் வேறு எண் இருந்தால் அந்தத் தாளே சரி. அங்குல-பவுண்டையும் அடி-பவுண்டையும் குழப்பிக்கொள்வது இத்துறையின் நிரந்தர விபத்து. ஓர் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம் என்பதால் பிழையும் பன்னிரண்டு மடங்கு. கார்ச் சக்கரத்துக்கான முறுக்குமானியில் 18 என்று வைத்து வளையத் திருகை இறுக்கினால், கருவி ‘க்ளிக்’ என்று சொல்வதற்கு வெகு முன்பே திருகு இரண்டாகியிருக்கும்.

அதிக இறுக்கத்தின் தீமை முறிவோடு முடிவதில்லை. தொலைநோக்கியின் குழல் அலுமினியத்தில் செய்தது, விட்டம் 25.4, 30 அல்லது 34 மி.மீ.; சுவர் மெல்லியது. உள்ளே, குறிபார்க்க உதவும் குறுக்குக்கோட்டை நகர்த்தும் சிறு உட்குழல் ஒன்று, வில்லின் அழுத்தத்தில் மிதந்தபடி இருக்கிறது. மூடி அளவுக்கு மேல் நெருக்கினால் வெளிச்சுவர் உட்குழிந்து வளைய அடையாளம் பதியும். அதைவிட மோசமாக, உருப்பெருக்கம் மாற்றும் பகுதி இறுகிப்போகும் அல்லது திருப்பிய அளவுக்குக் குறி நகராது. குறி நிலைக்காததைக் கண்டவர் திருகு தளர்ந்துவிட்டது என்று எண்ணி மேலும் இறுக்குவார். கோளாறு மேலும் மோசமாகும்.

சரியான அளவில் இறுக்கிய திருகும் தளர்வதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, படிவு. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் உலோகப் பரப்பு நுண்ணளவில் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. இரண்டு பரப்புகள் முதலில் சந்திப்பது மேடுகளின் முனைகளில். அழுத்தம் ஏற ஏற முனைகள் நசுங்குகின்றன. பெயின்ட், தூசி, சீவல், எண்ணெய்ப் படலம் இருந்தால் அவையும் மெல்லப் பிதுங்கி வெளியேறும். ஒவ்வொரு பரப்பிலும் ஒரு மைக்ரான் படிந்தாலும், தலைக்கடி, தட்டுக்கடி, மரை என்று மூன்று இடத்தில் சேர்ந்து மூன்று மைக்ரான் ஆகிவிடும். பத்து மைக்ரான் நீண்ட திருகு மூன்றை இழந்தால் பிடிவிசையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போயிற்று. திருகு ஒரு பாகைகூடத் திரும்பவில்லை; ஆனாலும் தளர்ந்துவிட்டது. நீளமான போல்ட்டுக்கு இந்த நோய் அவ்வளவு வராது. 100 மி.மீ. நீளமுள்ள இன்ஜின் போல்ட் இருநூறு மைக்ரான் நீண்டு நிற்கிறது, மூன்று மைக்ரான் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. குட்டைத் திருகு தளர்வதற்கு முதல் காரணம் அதன் குட்டைத்தனம்.

இரண்டாவது வழி வெப்பம். அலுமினியம் எஃகைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிந்து சுருங்கும். அலுமினிய மூடியைப் பிடித்திருக்கும் ஐந்து மி.மீ. எஃகுத் திருகை, முப்பது பாகை செல்சியஸ் வெப்பம் உள்ள அறையில் இறுக்கிவிட்டு உறைபனிக் குளிருக்கு எடுத்துச் சென்றால், மூடி திருகைவிட 1.6 மைக்ரான் கூடுதலாகச் சுருங்கும். பத்தில் 1.6. அறைக்குத் திரும்பினால் இழந்தது மீளும். ஆனால் குளிரில் இருக்கும்போது சுட்டவர் ஆறில் ஒரு பங்கு குறைந்த பிடியோடு சுட்டிருக்கிறார்.

மூன்றாவது வழிதான் உண்மையில் திருகு கழல்வது. மரை என்பது உருளையைச் சுற்றி ஏறும் சாய்தளம். 6-48 திருகில் அந்தச் சாய்வு மூன்று பாகைதான். உராய்வுக் கெழு 0.15 என்றால் எட்டரைப் பாகைச் சாய்வு வரையில் பொருள் நழுவாது. ஆகவே கணக்குப்படி இழுவிசை திருகைப் பின்னோக்கிச் சுழற்றவே முடியாது. ஆனாலும் உலகெங்கும் திருகுகள் கழன்று விழுந்தபடியே இருக்கின்றன. இந்த முரணுக்கு விடை கண்டவர் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர். 1969இல் அவர் வெளியிட்ட ஆய்வு காட்டியது இது: திருகின் நீளவாக்கில் அதிர்வு கொடுத்தால் இழப்பு குறைவு, இணைப்பைக் குறுக்குவாட்டில் முன்னும் பின்னும் நழுவ வைத்தால் திருகு முற்றிலும் கழன்றுவிடும்.

சாய்வான பலகையில் ஒரு செங்கல் அசையாமல் இருக்கிறது. அதைப் பக்கவாட்டில் இடமும் வலமும் மெல்லத் தள்ளினால், கீழ்நோக்கி யாரும் தள்ளாதபோதும் செங்கல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். காரணம், உராய்வு நழுவலுக்கு நேர் எதிர்த் திசையில் மட்டுமே வேலை செய்யும். பக்கவாட்டு நழுவலை எதிர்ப்பதில் அது ஈடுபட்டிருக்கும்போது சரிவை எதிர்க்க மிச்சம் எதுவும் இல்லை. மரையிலும் இதுவே நடக்கிறது. ஒவ்வொரு உதைப்பிலும் அடித்தட்டு துப்பாக்கியின் மேல் நூலிழை நழுவினாலும், அந்தக் கணம் மரையின் உராய்வு அதில் செலவாகிறது, நீண்டு நிற்கும் திருகு தன்னைத் தானே சற்றுப் பின்னோக்கிச் சுழற்றிக்கொள்கிறது. இழுவிசை குறையும், அடுத்த நழுவல் பெரிதாகும். இப்படித்தான் முதல் நாற்பது தோட்டாவுக்குச் சரியாக இருந்த துப்பாக்கி அடுத்த ஐந்தில் சீரழிகிறது.

இணைப்பை இப்படிக் குறுக்குவாட்டில் நழுவவைக்கும் யுங்கரின் சோதனை எந்திரம் இன்னொரு நம்பிக்கையையும் உடைத்தது. சுருள் வெட்டிய ஸ்பிரிங் வாஷர் திருகைக் கழலவிடாது என்பது பட்டறைகளில் வேதவாக்கு. ஆனால் திருகு முழு இறுக்கத்துக்கு வரும் முன்பே அந்த வாஷர் தட்டையாகிவிடுகிறது. அதன் பிறகு அது சாதாரண வாஷர்தான். இந்த வகை வாஷர் பூட்டுவதற்குப் பயனற்றது என்று மேற்சொன்ன நாசா கையேடும் மழுப்பாமல் எழுதுகிறது.

இதிலிருந்து ஒரு விளைவு தெளிவாகிறது. கழலாமல் வைப்பதற்கு முதல் மருந்து போதுமான பிடிவிசை. பரப்புகள் நழுவவே இல்லையென்றால் கழலும் பொறிமுறை தொடங்குவதே இல்லை. பசை, பூட்டு எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

பசையின் கதை சுவையானது. ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் ஒரு பிசின் உருவானது. காற்று பட்டால் நீர்மமாகவும் காற்று அடைபட்டால் திடமாகவும் மாறும். வழக்கமான பசைகளுக்கு நேர்மாறான இந்தக் குணம் வேடிக்கையாக இருந்ததே தவிர, திடமாகாமல் வைக்க இடைவிடாமல் காற்றைக் குமிழியிட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்ததால் விற்பனைக்கு உதவவில்லை. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ட்ரினிட்டி கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வெர்னான் கிரீபிள், 1953இல் அதைப் புட்டியிலேயே நிலையாக இருக்கும்படி செய்தார். அதுவே லாக்டைட். புட்டி பாலிஎத்திலீனில் செய்யப்படுவதும் அதைத் தளும்ப நிரப்பாமல் விடுவதும் உள்ளே ஆக்சிஜன் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். மரை இடுக்கில் புகுந்ததும் ஆக்சிஜன் அறுபடுகிறது. இரும்பு, செம்பு அயனிகள் வினையைத் தூண்டுகின்றன. மெதாக்ரிலேட் மூலக்கூறுகள் பின்னிக்கொண்டு கெட்டியாகின்றன. துருப்பிடிக்காத எஃகும் பூச்சுப் பூசிய அலுமினியமும் அயனிகளை எளிதில் தருவதில்லை. அங்கே இறுகுவதற்கு நேரம் பிடிக்கும். முழு வலு வர ஒரு நாள் வரை விட்டுவைப்பது நல்லது.

நிறங்களைக் குழப்பக்கூடாது. ஊதா நிறம் சிறு திருகுகளுக்கானது, வலு குறைவு. நீலம் நடுத்தரம்; சாதாரணச் சாவியாலேயே பிரிக்கலாம். சிவப்பைப் பிரிக்க 250 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். தொலைநோக்கியின் அருகே சிவப்புக்கு வேலை இல்லை.

அடித்தட்டின் திருகுகளில் ஒரு சிறு துளி நீலமோ ஊதாவோ இடுவதில் பெரும்பாலோருக்கு உடன்பாடு உண்டு. அவை ஒருமுறை இறுக்கினால் ஆண்டுக்கணக்கில் தொடப்படாதவை. தண்டு மிகக் குட்டை. அவற்றைப் பார்க்கவேண்டுமானால் தொலைநோக்கியையே கழற்ற வேண்டும். வளைய மூடித் திருகுகளில் கருத்து பிளவுபடுகிறது. தொலைநோக்கித் தயாரிப்பாளர்கள் சிலர் அங்கே பசை கூடாது என்கிறார்கள். அவர்கள் காரணம் வலுவானது: ஈரமான பசை மரைக்கு எண்ணெயாக வேலை செய்கிறது, 18 அங்குல-பவுண்டில் நின்றாலும் இழுவிசை எல்லை தாண்டி ஏறிக் குழலை நசுக்கும். வளையத்துக்கு நான்கு திருகு இருந்து, உலர்ந்த மரையில் சரியான அளவில் இறுக்கினால், பசையின் தேவை அங்கே மிகக் குறைவு என்பதே கணக்கு சொல்லும் தீர்ப்பும்.

வேலையின் வரிசை இந்த இயற்பியலிலிருந்தே வருகிறது. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை அதன் தோட்டா அறைக்குள் பார்த்து உறுதிசெய்த பிறகுதான் எதுவும் தொடங்கும். திருகுகள், துளைகள், அடித்தட்டின் அடிப்பரப்பு மூன்றும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலாலோ அசிட்டோனாலோ எண்ணெய் போகத் துடைக்கப்பட வேண்டும். அடித்தட்டைத் திருகில்லாமல் வைத்துப் பார்த்தால் அது ஆடாமல் உட்கார வேண்டும்; ஒரு முனை எழும்பியிருந்தால், திருகு அதை வளைத்துத்தான் படியவைக்கும். வளைந்த தட்டின் மேல் நிற்கும் வளையங்கள் ஒரே நேர்கோட்டில் இருக்காது, குழலும் அவற்றோடு வளையும்.

திருகின் நீளத்தைச் சோதிக்காமல் விடுவதே மிகச் சாதாரணமான பிழை. முன்துளைத் திருகு அரை மில்லிமீட்டர் நீளம் கூடினாலும் அதன் நுனி உள்ளே துப்பாக்கிக் குழலின் மரையைப் போய் முட்டும் அல்லது தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் துப்பாக்கியின் போல்ட் நகர்வதைத் தடுக்கும். முட்டிய திருகில் முறுக்குமானி சரியான எண்ணையே காட்டும். ஆனால் தலை தட்டை அழுத்தவே இல்லை, பிடிவிசை பூஜ்யம். தட்டில்லாமல் திருகை மட்டும் கையால் ஏற்றி, அது எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணிப் பார்ப்பது இதைக் கண்டுபிடிக்கும் எளிய வழி. 6-48இல் ஒரு சுற்று 0.53 மி.மீ.

ரெயிலில் வளையத்தைப் பொருத்தும்போது அதை முன்னோக்கித் தள்ளியபடியே இறுக்க வேண்டும். அமெரிக்க ராணுவம் 1995இல் ஏற்ற பிக்காட்டினி ரெயிலில், 5.23 மி.மீ. அகலப் பள்ளங்கள் 10 மி.மீ. இடைவெளியில் குறுக்கே ஓடுகின்றன. வளையத்தின் குறுக்குத் தண்டு பள்ளத்தைவிடச் சற்று ஒடுங்கியது. உதைப்பில் தொலைநோக்கி முன்னே நழுவப் பார்ப்பதால், தண்டு ஏற்கெனவே பள்ளத்தின் முன்சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் நகர இடமில்லை. இந்த இணைப்பில் மட்டும் உராய்வுக்குத் துணையாக ஓர் உலோகச் சுவரும் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விடுவது வீண்.

மூடிகளை இறுக்குவதில் பொறுமை தேவை. ஒரு திருகை முழுதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால், மூடி அந்தப் பக்கம் சாய்ந்து குழலையும் சுழற்றிவிடும். குறுக்குக்கோடு மூன்று பாகை சாய்ந்தால் நூறு மீட்டரில் ஒன்றும் தெரியாது. .308 குண்டு ஒன்றரை மீட்டருக்கு மேல் இறங்கும் ஐந்நூறு மீட்டர் தொலைவில் அதே சாய்வு எட்டு சென்டிமீட்டர் பக்க விலகலாகும். ஆகவே எல்லாத் திருகுகளையும் விரலால் தொடவைத்து, மட்டம் பார்த்து, பிறகு மூலைக்கு மூலை மாறி மாறிக் கால் சுற்றுக்கும் குறைவாக ஏற்ற வேண்டும். மூடியின் இரு பக்க இடுக்கும் சமமாக இருக்க வேண்டும். பக்கத்துத் திருகு இறுகும்போது முதலில் இறுகியது சற்று நீட்சியை இழக்கும். முழு அளவில் இரண்டு, மூன்று சுற்று வந்தால்தான் எல்லாம் ஒரே நிலைக்கு வரும். திருகுத் தலையில் ஆறு முனை நட்சத்திரப் பள்ளம் இருந்தால் வேலை எளிது. 1967இல் அமெரிக்காவின் கேம்கார் நிறுவனம் கொண்டுவந்த டார்க்ஸ் வடிவம் சாவியை வெளியே தள்ளாது. வளையங்களில் டி-15 அளவு பரவலாக இருக்கிறது. ஒற்றைக் கீற்றுத் தலையில் பொருந்தாத திருப்புளியை வைத்தால் தலை சிதையும்.

இறுக்காமல் விடுவதையும் ஒரு முறையாகக் கையாண்டவர்கள் உண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க மரைன் படை ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிகளில் பொருத்திய எட்டு மடங்கு உனெர்ட்டல் தொலைநோக்கி, வளையங்களுக்குள் நழுவும்படி அமைக்கப்பட்டது. சுட்டதும் துப்பாக்கி பின்னே போகும். தொலைநோக்கி இருந்த இடத்திலேயே தங்கும். சுடுபவர் அதைக் கையால் பின்னே இழுத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவருவார். திருகுகளின் மேல் விழும் சுமை இதனால் வெகுவாகக் குறைந்தது. போர்க்களத்தில் ஒவ்வொரு முறையும் இழுத்துவிட நினைவிருக்க வேண்டும் என்பதுதான் விலை.

உதைப்பு குறைவு என்று எண்ணப்படும் சுருள்வில் காற்றுத் துப்பாக்கி தொலைநோக்கிக்கு எதிர்பாராத எதிரி. வில் விடுபட்டு உந்துதண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே வரும். தண்டு உருளையின் முனையில் போய் நிற்கும்போது துப்பாக்கி முன்னே துள்ளும். இரண்டு திசையிலும் உதை. குறுக்கு நழுவல் முன்னும் பின்னும் நடக்கும்போது திருகு கழல்வது யுங்கரின் எந்திரத்தில் கண்டதுதான். ஒற்றைத் திசை உதைப்பைத் தாங்கும்படி கட்டிய தொலைநோக்கிகளின் கண்ணாடிகளும் இதில் இடம் பெயர்வதுண்டு. இவ்வகைத் துப்பாக்கிகளில் 11 மி.மீ. ‘புறா வால்’ வடிவப் பள்ளத்தில் உராய்வை மட்டும் நம்பாமல், உடலில் உள்ள சிறு துளையில் இறங்கும் நிறுத்தாணி கொண்ட வளையமே பொருத்தப்பட வேண்டும்.

பொருத்தி முடித்த திருகின் தலையிலிருந்து மூடிக்குக் குறுக்கே மெல்லிய பெயின்ட் கோடு ஒன்று இழுத்துவிட்டால், திருகு திரும்பியதா என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும். படிவினால் இழந்த இழுவிசையை இந்தக் கோடு காட்டாது. பசையிடாத திருகுகளை முதல் இருபது முப்பது தோட்டாவுக்குப் பிறகு ஒருமுறை அதே முறுக்குவிசையில் சோதிப்பது இதனால்தான். நுண்முனைகள் பெரும்பாலும் நசுங்கி முடிந்திருக்கும். இரண்டாம் முறை ஏற்றிய இழுவிசை நெடுநாள் தங்கும். பசையிட்ட திருகை இப்படிச் சோதிக்கக்கூடாது. சாவி சற்றுத் திருப்பியதுமே கெட்டியான பசை உடைந்துவிடும், உடைந்த பசை மறுபடி ஒட்டாது. அதைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டித் துடைத்து, புதிதாக இட்டே இறுக்க வேண்டும். யாரோ முன்பு சிவப்புப் பசையிட்ட திருகாக இருந்தால், சால்டரிங் அயர்னின் நுனியைத் திருகுத் தலையில் ஓரிரு நிமிடம் வைத்தால் சூடு தண்டு வழியே மரைக்கு இறங்கும். பசை இளகியிருக்கும்போதே, நன்றாகப் பொருந்தும் சாவியால், நிறுத்தாமல் ஒரே வீச்சில் திருப்ப வேண்டும். அப்படி வந்த திருகின் தலைப்பள்ளம் சிறிது சிதைந்திருந்தாலும் அது மறுபடி உள்ளே போகக்கூடாது; புதுத் திருகுதான் போக வேண்டும்.